மோகன் சிலையும் நம்பிக்கை மையமும்

'ரத்தக்கண்ணீர்' காணாத பகுத்தறிவுத் தோழர் நம்மிடையே மிகச் சிலரே இருப்பர். கண்டவர் மறந்ததில்லை. திருவாரூர் கே. தங்கராசு எழுத, எம். ஆர். ராதா நடிக்க, ஊர் ஊராய்ச் சென்று மக்களை உலுக்கிய நாடகம் அது. 1954இல் கிருஷ்ணன்-பஞ்சு இயக்கத்தில் திரைப்படமாயிற்று. பழமையைப் பரிகசித்த அந்தக் குரலும், பணத்திமிரின் பல்லைப் பிடுங்கிய அந்தப் பேச்சும், கொட்டகையில் சிரித்தவனை வீடு திரும்பும் வழியில் சிந்திக்க வைத்தன. கட்டிய மனைவியின் மறுவாழ்வுக்குக் கணவனே வழிசெய்யும் முடிவு, அந்நாளில் துணிவின் உச்சம். இந்தப் பெருமைகளை அந்தப் படத்திடமிருந்து யாரும் பறிக்க முடியாது; பறிப்பதற்காக நாம் எழுத வரவுமில்லை.

ஆனால், அந்தப் படம் நமக்கு ஒரு சிலையையும் விட்டுச் சென்றிருக்கிறது. தொழுநோயால் உருக்குலைந்த மோகனின் சிலை! தன்னைப் போல் நெறி தவறி நடப்போருக்கு எச்சரிக்கையாக நிற்கட்டும் என்று, சாகும் முன் அவனே வேண்டிக் கேட்டுக்கொண்ட சிலை! எழுபது ஆண்டுகள் கடந்துவிட்டன. எத்தனையோ சிலைகளைப் பற்றி நாம் வாதாடியிருக்கிறோம். இந்தச் சிலையைப் பற்றி மட்டும் ஒரு கேள்வியும் கேட்டதில்லை. இன்று கேட்க வேண்டியிருக்கிறது. ஏனெனில், அந்தச் சிலையின் நிழல் மருத்துவமனையின் சின்னஞ்சிறு அறை ஒன்றுக்குள் விழுந்து, அங்கே உட்கார்ந்திருப்பவரின் உயிரோடு விளையாடிக்கொண்டிருக்கிறது.

அந்த அறையில்

எச்.ஐ.வி. பரிசோதனையும் அதற்கான ஆலோசனையும் நடைபெறும் இடத்துக்குத் தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் 'நம்பிக்கை மையம்' என்று பெயர். நம்பிக்கை என்ற சொல்லைக் கேட்டவுடன், "எதன்மேல் நம்பிக்கை? அதற்குச் சான்று என்ன?" என்று கேட்டுப் பழகியவர்கள் நாம். ஆயினும் இந்தப் பலகையை நாம் மனமாரப் போற்றுகிறோம். இங்கே நம்பிக்கை என்பது கண்ணை மூடிக்கொண்டு கைகூப்புவதன்று. கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு, சான்று கண்டு, இனியும் வாழலாம் எனத் தெளிவது.

அந்த அறைக்குள் ஓர் இளம்பெண் வருகிறாள் என்று வைத்துக்கொள்வோம். முதல் குழந்தையைச் சுமப்பவள். கருவுற்றவர்கள் அனைவருக்கும் செய்வதுபோல அவளுக்கும் குருதிப் பரிசோதனை செய்யப்பட்டது. ஒன்றுக்கு மூன்றாகச் சோதித்துப் பார்த்த பின், உடலில் கிருமி இருப்பது உறுதியாகிறது. ஆலோசகர் மெல்லிய குரலில் அதைச் சொல்கிறார். மருந்து உண்டு என்கிறார், குழந்தையைக் காக்க வழி உண்டு என்கிறார், செலவில்லை என்கிறார். அத்தனையும் உண்மை. ஆனால் அவள் காதில் அவற்றில் எத்தனை விழும்? முதல் சொல் விழுந்த கணத்திலேயே கதவு சாத்திக்கொள்கிறது. உள்ளே வேறொரு குரல் ஓங்கி ஒலிக்கிறது. "ஆட்கொல்லி!" என்கிறது அது. "உன் குடிக்கு இழுக்கு!" என்கிறது. "யாரிடம் சொல்வாய்? சொன்னால் எவர் வீட்டுத் திண்ணை உனக்கு இடம் தரும்?" என்கிறது.

அந்தக் குரல் ஆலோசகருடையதன்று, மருத்துவருடையதும் அன்று. சுவரொட்டியும், திரைப்படமும், செய்தித்தாளும், சொற்பொழிவும் ஆண்டுக்கணக்கில் அவள் நெஞ்சில் ஊற்றி வைத்த குரல் அது. ஆகவேதான் புதிதாகத் தொற்று கண்டறியப்பட்டவரின் மனத்துயரைப் பற்றிப் பேசுவது, மருத்துவரின் வேலை மட்டுமன்று. எழுத்தாளரின் வேலை, கலைஞரின் வேலை, திறனாய்வாளரின் வேலை என்று நாம் சொல்லுகிறோம்.

சொல்லால் சாவு நேருமா என்று ஐயுறுவோர் ஒரு கணக்கைப் பார்க்கட்டும். 1997 முதல் 2012 வரை இங்கிலாந்திலும் வேல்சிலும் எச்.ஐ.வி. கண்டறியப்பட்டவர்களைத் தொடர்ந்து கவனித்த பெரிய ஆய்வு ஒன்று 2017இல் வெளியாயிற்று. அவர்களுள் தற்கொலை செய்துகொண்டவர்களில், ஏறத்தாழ ஐவரில் இருவர், முடிவு தெரிந்த முதல் ஆண்டுக்குள்ளேயே உயிரை மாய்த்துக்கொண்டவர்கள். நல்ல மருந்து இருந்த நாடு. அரசே மருத்துவம் அளித்த நாடு. இந்தக் கிருமியோ, மருந்தே உண்ணாதவர் உடலிலும் பல ஆண்டுகள் ஒடுங்கிக் கிடந்த பிறகே பெரும்பாலும் நோயாக வெடிப்பது. முதல் ஆண்டில் கொல்லும் வேகம் அதற்குக் கிடையாது. பின், அந்த முதல் ஆண்டில் கொன்றது எது? கிருமியன்று. கிருமியைப் பற்றிச் சமுதாயம் கட்டி வைத்த கதை!

கதையின் கட்டுமானம்

அந்தக் கதையைப் பிரித்துப் பார்ப்போம். அதற்கு மூன்றே அடுக்குகள். ஒருவன் தவறு செய்கிறான். அவனுக்கு நோய் வருகிறது. நோயே தண்டனை, தண்டனையே பாடம். 'ரத்தக்கண்ணீர்' இதை மிகுந்த ஆற்றலோடு சொன்னது. காந்தாவின் வீட்டில் களித்த மோகன் கையில் தடியோடு தெருவில் வந்து நிற்கும்போது, கொட்டகையில் இருந்தவன் என்ன முடிவுக்கு வந்தான்? "ஆடினான், அனுபவிக்கிறான்" என்ற முடிவுக்கு.

அறிவியல் என்ன சொல்லுகிறது? தொழுநோய்க்குக் காரணமான கிருமியை நார்வே நாட்டு மருத்துவர் ஹான்சன் 1873இலேயே கண்டுரைத்தார். அது காமத்தின் கூலியன்று. பரத்தையர் வீட்டுக்குச் சென்றதால் வருவதன்று. மருந்துண்ணாத நோயாளியோடு நெடுநாள் நெருங்கி வாழும்போது மூச்சுக் காற்றின் துளிகள் வழியே பரவுவது. அப்படியும் பெரும்பாலோரை ஒன்றும் செய்யாதது. குழந்தைக்கும் வரும், கொடையாளிக்கும் வரும். இன்னும் வேதனை என்னவென்றால், படம் வெளிவருவதற்குச் சில ஆண்டுகள் முன்பே, 1940களின் பிற்பகுதியில், செங்கற்பட்டை அடுத்த திருமணியில் இருந்த தொழுநோய் மருத்துவ நிலையத்தில், ராபர்ட் காக்ரேன் என்ற மருத்துவர் சல்போன் வகை மருந்தைக் கொடுத்து நோயாளிகளைத் தேற்றத் தொடங்கியிருந்தார். சென்னைப் படப்பிடிப்பு நிலையங்களிலிருந்து அரைநாள் பயணத் தொலைவில் நோய்க்கு மருந்து இருந்தது. திரையிலோ நோயாளிக்குக் கிடைத்தது சிலை!

இது கலைஞர்களின் கொடுமனத்தால் நேர்ந்ததன்று. பணக்கார மைனர்களின் ஆட்டத்தைத் தோலுரிக்க அவர்களுக்கு ஓர் ஆயுதம் தேவைப்பட்டது. கைக்கு எளிதாகக் கிடைத்தது நோய். ஆனால், எடுத்த ஆயுதம் எவர்மேல் பட்டது? மைனர்களில் எத்தனை பேர் திருந்தினார்களோ, கணக்கில்லை. தொழுநோயாளியோ அதற்குப் பின்னும் பிச்சைப் பாத்திரத்தோடுதான் நின்றான். இப்போது அவன் தலையில் 'ஒழுக்கங்கெட்டவன்' என்ற பட்டமும் ஏறியிருந்தது.

இதைவிடக் கசப்பான உண்மை ஒன்றுண்டு. முற்பிறப்பில் செய்த வினை இப்பிறப்பில் நோயாக வரும் என்றது வைதிகம். அதை நாம் எள்ளி நகையாடினோம். மேடைதோறும் தூள் தூளாக்கினோம். ஆனால், இப்பிறப்பில் செய்த வினை இப்பிறப்பிலேயே நோயாக வரும் என்று நம் கலை சொன்னபோது, கைதட்டினோம். வாசல் வழியே விரட்டிய கர்மக் கொள்கையைக் கொல்லைப்புற வழியே உள்ளே அழைத்து வந்து, பகுத்தறிவுச் சட்டை மாட்டி உட்கார வைத்தோம். நாற்காலி மட்டும் மாறியது. உட்கார்ந்த ஆள் மாறவில்லை.

மோகனின் வாரிசுகள்

1981இல் அமெரிக்காவில் எய்ட்ஸ் நோய் முதன்முதலாகப் பதிவாயிற்று. 1983இல் பாரிசு நகரத்துப் பாஸ்டர் ஆய்வு நிலையத்தில் அதன் கிருமியைக் கண்டனர். 1986இல், இந்தியாவில் அக்கிருமி இருப்பது சென்னையில் வெளிப்பட்டது. பேராசிரியர் சுனிதி சாலமனும், அவரிடம் பயின்ற மருத்துவர் செல்லப்பன் நிர்மலாவும் செய்த அரும்பணி அது. அன்று எடுத்த குருதி யாருடையது? காப்பு விடுதியில் அடைக்கப்பட்டிருந்த பாலியல் தொழில் செய்த பெண்களுடையது. அறிவியல் தேடிய இடம் அது, அவ்வளவே. ஆனால், நாடு அதை வேறுவிதமாகப் படித்தது. "பார்த்தீர்களா, பாவிகளிடம்தானே இருக்கிறது!" என்று பெருமூச்சு விட்டுக்கொண்டது. மோகன் சிலைக்கு மறுபடியும் மாலை விழுந்தது.

பிறகு வந்த பெயர்களைப் பாருங்கள்: ஆட்கொல்லி நோய், உயிர்க்கொல்லி நோய். காச நோயும் கொன்றது. மாரடைப்பு நாள்தோறும் கொல்லுகிறது. சாலை விபத்து கணக்கின்றிக் கொல்லுகிறது. அவற்றுக்கெல்லாம் இல்லாத 'கொல்லி' என்ற ஈற்றை இதற்கு மட்டும் சூட்டினோம். மருந்து இல்லாத நாளில் அதற்கு ஒரு சாக்கு இருந்தது. மருந்து வந்த பின்னும் அந்தப் பெயரை ஏடுகள் விடாது பிடித்திருந்ததற்கு என்ன சாக்கு? மண்டை ஓடும் குறுக்கெலும்பும் வரைந்த சுவர்களைப் பார்த்து வளர்ந்த பிள்ளை, நாளை தன் பரிசோதனைத் தாளைப் பார்க்கும்போது அந்த மண்டை ஓட்டைத்தானே பார்ப்பான்?

2000களின் தொடக்கத்தில் தமிழ்நாட்டுச் சுவர்களெங்கும் ஒரு கேள்வி முளைத்தது: புலிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா? மண்டை ஓட்டைவிட இது நல்ல முறை என்பதை மறுப்பதற்கில்லை. மூடி மறைத்த ஒன்றை முச்சந்தியில் பேச வைத்தது. ஆணுறையைப் பற்றிக் கூச்சமின்றிச் சொல்ல வழி திறந்தது. ஆயினும் அந்தக் கேள்வியின் முகம் எந்தப் பக்கம் திரும்பியிருந்தது? வருமா, வராதா என்று வேடிக்கை பார்ப்பவர் பக்கம். "வந்துவிட்டதே, இனி நான் என்ன செய்வேன்?" என்று கேட்பவருக்கு அந்தச் சுவரில் ஒரு வரி இல்லை. தெருவில் அந்தப் பெயர் கேலிப் பெயராயிற்று. கேலிக்கு அஞ்சியவன் பரிசோதனைக்கு வருவானா?

2007இல் வந்தது சாமி இயக்கிய 'மிருகம்'. பெயரிலேயே தீர்ப்பு இருக்கிறது. முரடன், பெண்களை வேட்டையாடுபவன்; அவனுக்கு எய்ட்ஸ் வருகிறது; அவனால் துன்புற்ற மனைவியே அவனைப் பேணுகிறாள். நடிப்பில் உண்மை உண்டு; அந்த மனைவியின் உருவில் மனிதத்தன்மை உண்டு. ஆனால் கட்டுமானம்? ஐம்பத்து மூன்று ஆண்டுகளுக்கு முன் மோகனுக்குக் கட்டிய அதே மூன்றடுக்கு மாளிகை! நோய் மாறியிருக்கிறது, கதை மாறவில்லை. அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு வந்த ஒருவர், மறுநாள் நம்பிக்கை மையத்தில் உட்கார்ந்து தம் முடிவைக் கேட்கிறார் என்றால், தம்மை என்னவென்று நினைத்துக்கொள்வார்? நோயாளி என்றா? மிருகம் என்று!

கதை வேறுவிதமாகவும் அமையலாம் என்பதற்கு இந்தி மொழியில் ஒரு சான்று உண்டு. அதன் வேர் கோவாவில் இருக்கிறது. 1989இல் அங்கே டொமினிக் டிசோசா என்ற இளைஞர் தம் உடலில் கிருமி இருப்பதை எப்படி அறிந்தார் தெரியுமா? ஆலோசகர் சொல்லி அன்று. காவல் துறையினர் அழைத்துச் சென்றதால்! பிறர் உயிர் காக்கக் குருதிக்கொடை கொடுத்து வந்தவர் அவர். அந்தக் குருதியைச் சோதித்தவர்கள், அவருக்கு ஆறுதலாக ஒரு சொல் சொல்வதற்கு முன்னால் அவரைப் பூட்டி வைத்தார்கள். 64 நாள்கள் தனிமை. அவர் தாயார் லூசி டிசோசா வழக்காடினார். பம்பாய் உயர்நீதிமன்றமோ, தனிமைப்படுத்தும் சட்டம் செல்லும் என்றே தீர்ப்பளித்தது. டொமினிக் தளரவில்லை. தம்மைப் போன்றோருக்காக அமைப்புக் கண்டார், 1992இல் மறைந்தார். அவர் வாழ்வைத் தழுவி ஓனிர் இயக்கிய 'மை பிரதர் நிகில்' 2005இல் வெளிவந்தது. அதில் நோய் தீர்ப்பன்று. குற்றக் கூண்டில் நிற்பது நோயாளியுமன்று. அவனைக் கைவிட்ட ஊரும் உறவும் சட்டமும்தான். அவன் பக்கத்தில் அவனுடைய தமக்கை நிற்கிறாள். அவன் நேசிக்கும் தோழன் நிற்கிறான். துணை நிற்பது என்றால் என்ன என்பதை அந்தப் படம் கற்பிக்கிறது. சிலை வைக்காமலும் கதை சொல்லலாம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

'அச்சம் வேண்டாமா?'

இந்த இடத்தில் சில தோழர்கள் குறுக்கிடுவார்கள் என்பதை நாம் அறிவோம். "அச்சம் காட்டாவிட்டால் இளைஞர்கள் கெட்டுப்போக மாட்டார்களா? நோயை இனிப்பாகப் பேசினால் ஒழுக்கம் என்னாவது?" என்பார்கள்.

நாம் திருப்பிக் கேட்கிறோம். கொதிக்கும் எண்ணெய்க் கொப்பரையும், செக்கிலிட்டு ஆட்டும் எமகிங்கரரும் இல்லாவிட்டால் மக்கள் நல்வழியில் நடப்பார்களா என்று கேட்ட புராணிகருக்கு நாம் என்ன விடை சொன்னோம்? அறிவால் நடப்பவனே மனிதன், அச்சத்தால் நடப்பவன் அடிமை என்றோம். அந்த விடை நரகத்துக்கு மட்டுமா? நோய்க்குப் பொருந்தாதா? நரகத்தை இடித்துவிட்டு, அதே கல்லால் மருத்துவமனை வாசலில் ஒரு குட்டி நரகம் கட்டலாமா?

மேலும், அச்சம் செய்யும் வேலை என்ன? அது கிருமியைத் தடுப்பதில்லை, பரிசோதனையைத் தடுக்கிறது. அஞ்சியவர் வருவதில்லை, வந்தாலும் முடிவைக் கேட்க நிற்பதில்லை, கேட்டாலும் மருந்து வாங்க வேற்றூர் தேடுகிறார், அல்லது வாங்காமலே இருந்துவிடுகிறார். மருந்துண்ணாத உடலில் கிருமி பெருகுகிறது, பிறருக்கும் பரவுகிறது. ஒழுக்கத்தின் காவலன் என்று நீங்கள் நிறுத்திய அச்சம், கிருமியின் காவலனாகவே வேலை பார்க்கிறது!

இன்னொரு வலையிலும் நாம் விழக்கூடாது. முன்னே சொன்ன அந்தக் கருவுற்ற பெண்ணைக் காட்டினால் எல்லோரும் கண்ணீர் விடுவார்கள். "பாவம், அவள் என்ன குற்றம் செய்தாள்?" என்பார்கள். இரக்கம் நல்லதே. ஆனால் அந்தக் கேள்விக்குள் ஒரு நஞ்சு இருக்கிறது. இவள் குற்றமற்றவள் என்றால், அடுத்த நாற்காலியில் இருப்பவன் குற்றவாளி என்றாகிறது. அவனுக்குக் கிடைத்தது சரியான கூலி என்றாகிறது. மோகன் சிலை அங்கேயே, அசையாமல் நிற்கிறது! கணவனிடமிருந்து தொற்றுப் பெற்றவளுக்கும், காசு கொடுத்துக் காமம் நுகர்ந்தவனுக்கும், ஊசியால் போதை ஏற்றிக்கொண்டவனுக்கும், ஆணை நேசித்த ஆணுக்கும், திருநங்கைக்கும் ஒரே நாற்காலி, ஒரே மருந்து, ஒரே மதிப்பு. எவருக்கு எப்படி வந்தது என்று விசாரித்துவிட்டுத்தான் இரங்குவேன் என்பது இரக்கமன்று, தீண்டாமையின் புதுப்பதிப்பு.

நம் பேனாவும் தப்பவில்லை

பிறரைக் குறைகூறிவிட்டு நாம் நழுவிவிட முடியாது. சாதியைத் தொழுநோய் என்று எழுதியது யார்? மூடப்பழக்கத்தைச் சமுதாயத்தின் புற்றுநோய் என்று முழங்கியது எந்த மேடை? நம் மேடைதான், நம் ஏடுகள்தான். சாதி கொடியது, ஐயமில்லை. ஆனால், அதன் கொடுமையை உணர்த்துவதற்காக நோயுற்ற மனிதனை அருவருப்பின் அளவுகோலாக்கினோம். கேட்டுக்கொண்டிருந்த கூட்டத்தில் ஒரு தொழுநோயாளி இருந்திருந்தால், அவர் நம் சொற்பொழிவிலிருந்து எதை எடுத்துச் சென்றிருப்பார்?

அமெரிக்க எழுத்தாளர் சூசன் சோன்டாக், தாம் புற்றுநோயோடு போராடிய பின், நோயை உருவகமாக்கும் இந்த வழக்கத்தை 1978இல் ஒரு நூலில் கடுமையாகத் தாக்கினார். 1989இல் எய்ட்சைப் பற்றித் தனியே இன்னொரு நூல் எழுதினார். நோய் நோயாகவே இருக்கட்டும், அதன்மேல் பாவத்தையும் பழியையும் ஏற்றாதீர்கள் என்பதே அவர் வாதத்தின் சாரம். அந்த இரண்டாம் நூலுக்கும் முன்பே, 1983இல், டென்வர் நகரில் கூடிய எய்ட்ஸ் நோயாளிகள் ஓர் அறிக்கை விடுத்தனர். தம்மைப் 'பலியானவர்கள்' என்று அழைப்பதைக் கண்டித்தனர். தாம் எய்ட்சுடன் வாழும் மனிதர்கள் என்று உரைத்தனர். தம்மைப் பற்றிய முடிவுகளில் தமக்கும் இடம் வேண்டும் என்றனர். மருந்து ஒன்றுமே கையில் இல்லாத நாளில் எழுந்த குரல் அது! அதற்கு நாம் என்ன பெயர் சூட்டுவோம்? நமக்குத் தெரிந்த பெயர்தான்: சுயமரியாதை.

இன்று சொல்லத்தக்க உண்மை

கதையைக் கலைத்துவிட்டால் அந்த அறையில் எதைச் சொல்வது? உண்மையைச் சொல்லலாம். உண்மையே இன்று ஆறுதலாக இருக்கிறது.

2004 ஏப்ரலில் இந்திய அரசு கூட்டு மருந்துச் சிகிச்சையை இலவசமாக வழங்கத் தொடங்கியது. முதலில் தொடங்கிய மையங்களுள் தாம்பரம் நெஞ்சக நோய் மருத்துவமனையும் ஒன்று. 2017 முதல், நோய் முற்றும்வரை காத்திராமல், கிருமி கண்டறியப்பட்ட அனைவருக்கும் மருந்து தரப்படுகிறது. பெரும்பாலோர்க்கு நாளுக்கு ஒரு மாத்திரை போதும். ஒழுங்காக உண்டால், குருதியில் கிருமி கண்டறிய முடியாத அளவுக்குக் குறைகிறது. அப்படிக் குறைந்தவரிடமிருந்து பாலுறவு வழியே அவருடைய துணைவருக்குக் கிருமி பரவுவதில்லை. 2016இலும் 2019இலும் வெளியான 'பார்ட்னர்' ஆய்வின் முடிவுகளில், அவ்வாறு பரவிய நிகழ்ச்சி ஒன்றுகூட இல்லை. தாய் முறையாக மருந்துண்டால், குழந்தைக்குச் செல்லும் வாய்ப்பும் மிகமிகக் குறைந்துவிடுகிறது. உரிய காலத்தில் தொடங்கி விடாது உண்பவர், மற்றவரைப் போலவே முதுமை காணலாம்.

சட்டமும் துணை நிற்கிறது. 2017இல் இயற்றி 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்புச் சட்டத்தின்படி, ஒருவரின் அறிந்த இசைவின்றிப் பரிசோதிக்கக்கூடாது. அவர் நிலையைப் பிறருக்கு வெளியிடக்கூடாது. வேலை, கல்வி, மருத்துவம், வாடகை வீடு ஆகியவற்றில் அவரை ஒதுக்கக்கூடாது. டொமினிக்குக்கு இழைக்கப்பட்டது இனி எவருக்கும் இழைக்கப்படாதிருக்கவே இந்த வேலி.

ஆனால், தோழர்களே, உண்மையையும் ஒரே மூச்சில் கொட்டிவிட முடியாது. இடியுண்டவருக்கு முதல் தேவை விளக்கவுரையன்று. பக்கத்தில் ஓர் ஆள். நல்ல ஆலோசகர் முடிவைச் சுற்றி வளைக்காமல் தெளிவாகச் சொல்லுகிறார். பிறகு பேசாமல் இருக்கிறார். அழுகைக்கு நேரம் கொடுக்கிறார். சினம் வந்தால் அதைத் தம்மேல் தாங்கிக்கொள்கிறார். "இன்றிரவு யாரோடு இருப்பீர்கள்?" என்று கேட்கிறார். "உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வருகிறதா?" என்று நேராகவே கேட்கிறார். கேட்பதால் அந்த எண்ணம் தூண்டப்படுவதில்லை. மாறாக, பூட்டியிருந்த கதவு திறக்கிறது. யாரிடம் சொல்வது, எப்போது சொல்வது என்பதை அவசரப்படுத்தாமல் அவரோடு சேர்ந்து எண்ணுகிறார். மிகுதியை அடுத்த முறைக்கு வைக்கிறார். அடுத்த முறை வரும் நாளைக் குறித்துக் கொடுக்கிறார். குறித்த அந்த நாள் இருக்கிறதே, அதுவே ஒரு மருந்து. நாளை என்ற ஒன்று தமக்கு உண்டென்று யாரோ எண்ணுகிறார் என்பதற்கு அது சான்று.

இதற்குப் பெரும் படிப்பாளிகள் மட்டுமே வேண்டும் என்பதுமில்லை. எச்.ஐ.வி. பெருகிய நாடுகளுள் ஒன்று ஆப்பிரிக்காவின் சிம்பாப்வே. அங்கே மனநல மருத்துவர் டிக்சன் சிபாண்டா 2006இல் ஒரு வழி கண்டார். சிற்றூர்ப் பாட்டிகள் போன்ற முதிய பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து, மருத்துவ நிலைய வளாகத்தில் ஒரு மரப்பலகை இருக்கையில் உட்கார வைத்தார். மனம் சோர்ந்தவர் பக்கத்தில் வந்து அமர்ந்து பேசலாம். அங்கே அதற்கு நோய்ப்பெயர் சூட்டுவதில்லை. 'அளவுக்கு மீறி எண்ணுதல்' என்று அவர்கள் ஷோனா மொழியில் வழங்கும் வீட்டுச் சொல்லையே வைத்துக்கொண்டனர். மனந்திறத்தல், தூக்கி நிறுத்தல், உறுதியாக்கல் என்று படிகளுக்குப் பெயர். 2016இல் வெளியான ஆய்வு, இந்த முறையில் மனச்சோர்வு குறைவதைக் காட்டியது. ஆய்வில் பங்கேற்றோரில் கணிசமானோர் எச்.ஐ.வி. உள்ளோர். சொல்லை மாற்றினார்கள், பக்கத்தில் ஆளை உட்கார வைத்தார்கள். வேறென்ன வித்தை?

ஆற்றுப்படை

நமக்கும் அப்படி ஒரு வீட்டுச் சொல் உண்டு. ஆலோசனை கூறுவதைத் தமிழில் 'ஆற்றுப்படுத்துதல்' என்கிறோம். ஆறு என்றால் வழி. வழிப்படுத்துவது ஆற்றுப்படை. பத்துப்பாட்டில் ஐந்து ஆற்றுப்படைகள் இருக்கின்றன. கடவுளிடம் வழி சொல்லும் திருமுருகாற்றுப்படையைப் பக்தர்களுக்கு விட்டுவிடுவோம். மற்ற நான்கும் மனிதன் மனிதனுக்குக் காட்டும் வழி. பசியால் வாடி நடந்து வரும் பாணனையும் பொருநனையும் கூத்தனையும் வழியில் எதிர்ப்படுபவன் யார்? புலவர் பீடத்தில் அமர்ந்த பெரியவனா? இல்லை. நேற்று வரை அவனும் அதே பசியோடு அதே வழியில் நடந்தவன். இன்று பெற்று வருகிறான். "நானும் உன்னைப் போலிருந்தேன், இந்த வழியாகப் போ, இன்ன இடத்தில் மேடு, இன்ன இடத்தில் பள்ளம்" என்கிறான்.

புதிதாக முடிவறிந்தவருக்கு இந்த ஆற்றுப்படையைச் செய்ய வல்லவர் யார்? பத்து ஆண்டுகளாக அதே மாத்திரையை உண்டு, வேலைக்குப் போய், பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பி, நரைத்த முடியோடு எதிரே வந்து உட்காரும் இன்னொருவர். 1998இல் சென்னையில், தொற்றுடன் வாழும் பெண்கள் தாங்களே கூடித் தமக்கென 'பாசிட்டிவ் விமன் நெட்வொர்க்' என்ற அமைப்பைக் கண்டது இந்தப் பொருளில்தான் பெரிய நிகழ்ச்சி. மருத்துவர் நூறு முறை "வாழலாம்" என்று சொல்வதைவிட, வாழ்ந்துகொண்டிருப்பவர் ஒருமுறை எதிரே வந்து நிற்பது வலிது. அதுவே சான்று; அதுவே பகுத்தறிவுக்கு ஒத்த நம்பிக்கை.

நம் எழுத்துக்கும் கலைக்கும் இதுவே கட்டளையாகட்டும். 'கொல்லி' என்ற சொல்லைத் தூக்கி எறிவோம். பழிக்க வேண்டியதைப் பழிக்க நோயின் பெயரைக் கடன் வாங்காதிருப்போம். கதை எழுதும் தோழர் கதை எழுதட்டும். அதில் நோய் வந்தவுடன் நீதிபதியை அழைக்காதிருக்கட்டும். படிப்பகம் நடத்தும் தோழர், இலவச உதவி எண் 1097 என்பதைச் சுவரில் எழுதி வைக்கட்டும். தெரிந்தவர் ஒருவர் தயங்கித் தயங்கித் தம் செய்தியைச் சொன்னால், "எப்படி வந்தது?" என்று கேட்காமல், "சாப்பிட்டீர்களா?" என்று கேட்கட்டும்.

'ரத்தக்கண்ணீர்' மறுபடியும் திரையிடப்படும். நாமும் போய்ப் பார்ப்போம். ராதாவின் குரலுக்குச் சிரிப்போம், கைதட்டுவோம். சிலை வரும்போது மட்டும் கைதட்டலை நிறுத்துவோம். கல்லாய் நின்று பிறருக்குப் பாடமாவதற்காக எந்த மனிதனும் பிறக்கவில்லை. நோயுற்ற மோகனுக்கு வேண்டியிருந்தது சிலையன்று, திருமணிக்கு வழி.